பரிசல் மூங்கிலில் 13 அடி மீன்

அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில், ஹேஸ் என்ற ஊரில், ஸ்டெர்ன்பெர்க் அருங்காட்சியகம் இருக்கிறது. அங்கே ஒரு பெரிய மீனின் புதைபடிவம் வைத்திருக்கிறார்கள். பெயர் சைஃபாக்டினஸ், நீளம் சுமார் 4 மீட்டர். அதன் விலாவுக்குள் முழுசாக இன்னொரு மீன் கிடக்கிறது. அது கில்லிகஸ், சுமார் 1.8 மீட்டர். விழுங்கியது செரிப்பதற்குள் விழுங்கியவனும் செத்து, இரண்டும் ஒன்றாகக் கடலடிச் சேற்றில் புதைந்துவிட்டன. 1952-இல் ஜார்ஜ் ஸ்டெர்ன்பெர்க் தோண்டி எடுத்தார்.

இதை அதே அளவில், பென்னாகரம் சுற்றுவட்டாரத்தில் கிடைக்கிற சாமான்களை வைத்துச் செய்து பார்த்தோம். நான் அரசுப் பள்ளியில் ஓவிய ஆசிரியர். அறிவியல் கண்காட்சி வந்தாலே சோடா உப்பு எரிமலை, தெர்மாகோல் சூரியக் குடும்பம், மறுபடியும் சோடா உப்பு எரிமலை என்று பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டது. மீன் என்றால் எங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. பாதிப் பேர் வீட்டில் ஒகேனக்கல்லில் மீன் வறுக்கிறார்கள், இல்லையென்றால் பரிசல் ஓட்டுகிறார்கள். டைனோசர் செய்யலாம் என்று ஒரு கோஷ்டி கிளம்பியது. அதை எல்லாரும் செய்கிறார்கள் என்று சொல்லி அடக்கிவிட்டேன்.

முதல் கேள்வி, "நம்ம ஊர்ப் பாறையிலயும் இந்த மாதிரி இருக்குமா சார்?" இருக்காது. தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்துப் பாறை பெரும்பாலும் 250 கோடி ஆண்டுப் பழையது. பூமிக்கடியில் சூட்டிலும் அழுத்தத்திலும் வெந்து உருமாறியது. மீன் என்கிற இனமே தோன்றி 50 கோடி ஆண்டுச் சொச்சம்தான் ஆகிறது. ஆகவே ஒகேனக்கல் பாறையைச் சுத்தியலால் தட்டிப் பிரயோஜனமில்லை. அதற்கு அரியலூர் போக வேண்டும். சைஃபாக்டினஸ் வாழ்ந்த அதே கிரெட்டேசியஸ் காலத்தில், அதாவது டைனோசர்களின் கடைசிக் காலத்தில், அந்தப் பக்கம் கடல் இருந்தது. அம்மோனைட் என்கிற அழிந்துபோன கடலுயிரியின் ஓட்டுச் சுருள்கள் இன்னும் மண்ணில் கிடைக்கின்றன. நம் மீன் அங்கே இல்லை. அது நீந்தியது வட அமெரிக்காவை இரண்டாகப் பிளந்து கிடந்த ஓர் உள்நாட்டுக் கடலில், இன்றைக்கு 8 கோடி ஆண்டுக்கும் முன்னால். கான்சாஸில் இப்போது கடல் இல்லை, அந்தக் கடலடியில் படிந்த சுண்ணப்பாறை மட்டும் இருக்கிறது.

படத்தைப் பெரிதாக்கியது பழைய முறையில்தான். எலும்புக்கூட்டின் படத்தை அச்செடுத்து அதன்மேல் கட்டம் போட்டோம். அப்புறம் பள்ளி வராந்தாத் தரையில் சாக்பீஸால் அரை அடிக் கட்டங்கள் வரைந்து, ஒவ்வொரு கட்டமாகத் தரையில் மீனை இறக்கினோம். தலைக்கு ஒன்றரை அடிக்குக் கொஞ்சம் மேல், முதுகெலும்புக்குப் பத்தடிக்குச் சற்றுக் குறைவு, மிச்சம் வால். பிளவுபட்ட வாலின் இரண்டு நுனிக்கும் நடுவே மூன்றரை அடி வந்தது. பிள்ளைகள் அதன்மேல் படுத்து அளந்து பார்த்தார்கள். எட்டாம் வகுப்பில் உயரமான பையன் படுத்தும் கில்லிகஸ் அளவுக்கு வரவில்லை. வேலையில் எல்லாரையும் ஒட்டவைத்தது அந்தக் கணம்தான் என்று நினைக்கிறேன்.

முதுகெலும்புக்கு என்ன பயன்படுத்துவது என்று நிறைய யோசித்தோம். மீனின் முதுகெலும்புக் கணு ஒவ்வொன்றும் இரண்டு பக்கமும் குழிந்து, நடுவில் இடுங்கி இருக்கும். குழம்பில் கிடக்கிற மீன்முள்ளை உற்றுப் பார்த்தாலே தெரியும். பைப்பைத் துண்டு போட்டால் அந்தக் குழி வராது. கடைசியில் கைகொடுத்தது டீக்கடைக் காகிதக் கப். சின்ன கப்பின் அடிப்பாகத்தை இரண்டு சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவான உயரத்தில் வெட்டிக்கொண்டு, இரண்டு கப்பின் அடியையும் ஒன்றோடொன்று ஒட்டினால் அச்சு அசல் மீன் கணு. ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். கப்பின் அடி சற்று உள்ளடங்கி இருக்கும். ஆகவே ஒட்டும்போது விளிம்பு மட்டும்தான் தொடும், நடுவில் இடம் காலியாக நிற்கும். அங்கே காகிதக் கூழை அடைத்துவிட்டு ஒட்டினால் கல் மாதிரி பிடித்துக்கொள்கிறது. இன்னொன்று, கப்பின் உள்பக்கம் பிளாஸ்டிக் பூச்சு இருப்பதால் ஃபெவிக்கால் நிற்காது. உப்புத்தாளால் ஒரு தேய்ப்புத் தேய்த்துவிட்டுத்தான் பூச வேண்டும்.

சைஃபாக்டினஸுக்கு 80-க்கு மேல் கணுக்கள் உண்டு. நாங்கள் 85 வைத்துக்கொண்டோம். அப்படியானால் 170 கப். ஆசிரியர் அறையில் குடித்த டீயெல்லாம் மீனாகிவிட்டது என்று தலைமையாசிரியர் சொல்லிக்கொண்டிருந்தார். கணுக்களைக் கோக்க 8 எம்எம் கம்பி. அதை முழுநீளமாக வைத்தால் வகுப்பறைக் கதவில் திரும்பாது. மூன்று துண்டாக்கி, துண்டுக்குத் துண்டு இரும்புக் குழாய் சொருகி இணைக்கிற மாதிரி வெல்டிங் பட்டறையில் செய்து வாங்கினோம்.

சரி, விலா எலும்பு. இதற்குத்தான் பரிசல் பின்னுகிற ஒரு பெரியவரைப் பிடித்தேன். மூங்கிலைப் பிளப்பது எனக்கும் தெரியும் என்று நினைத்திருந்தேன். அவர் பிளப்பதைப் பார்த்த பிறகு கத்தியைக் கீழே வைத்துவிட்டேன். கொடுவாளைக் கணுவில் ஒரு தட்டு, அப்புறம் வாளை அசைக்காமல் மூங்கிலை அசைக்கிறார். பிளவு தானாகவே நூல் பிடித்தாற்போல ஓடுகிறது. ஒரு பக்கம் தடித்துப் போக ஆரம்பித்தால், தடித்த பக்கத்தைக் கொஞ்சம் கூடுதலாக வளைக்கிறார், பிளவு மறுபடி நடுவுக்கு வந்துவிடுகிறது. அமாவாசையை ஒட்டி வெட்டிய மூங்கில்தான் உளு அரிக்காது என்றார். அது உண்மையோ என்னவோ, வெட்டியதைத் தண்ணீரில் ஊறப்போட்டு எடுத்தது நிச்சயம் பலன் தருகிற வேலை. மூங்கிலில் இருக்கிற இனிப்புச் சத்து தண்ணீரில் இறங்கிவிட்டால் பூச்சிக்கு ருசியில்லை.

பிளாச்சுகளைச் சீவும்போது புறத்தோல் வெளிப்பக்கம் இருக்கிற மாதிரி வளைக்க வேண்டும். உள்பக்கத்து மூங்கில் அமுங்கிக் கொடுக்கும், தோல் இழுத்துப் பிடிக்கும். மாற்றி வளைத்தால் சிலும்பு சிலும்பாக உரியும். முதுகெலும்பில் சேர்கிற இடத்தில் விரல் தடிமன், நுனிக்குப் போகப் போக ஈர்க்குத் தடிமன். பெரியவர் ஒவ்வொன்றையும் தன் முழங்காலில் வைத்து அழுத்தியே வளைவு கொடுத்தார். அளவுகோல் கிடையாது. வரிசையாக அடுக்கினால் ஒன்றுக்கொன்று அரை விரல்கூட மாறவில்லை.

இங்கேதான் சண்டை. விலாக்களைக் கட்டி முடித்ததும் அவர் பாட்டுக்குக் கீழே நுனிகளை எல்லாம் சேர்த்து ஒரு பிளாச்சு ஓட்டி இறுக்க ஆரம்பித்தார். பரிசலுக்கு வாய்விளிம்பு கட்டுகிற கை அது.

"கீழ மூடக்கூடாதுங்க பெரியவரே, திறந்தே இருக்கணும்."

"மூடாம விட்டா எப்படி வாத்தியாரே நிக்கும்? ஒரு தட்டு தட்டினா ஆளாளுக்கு ஒரு பக்கம் போயிடுமே."

அவர் சொன்னது நியாயம்தான். பரிசலின் பலம் முழுக்க அந்த விளிம்பில்தான் இருக்கிறது. ஆனால் மீனுக்கு மார்பெலும்பு கிடையாது. நமக்கு, ஆட்டுக்கு எல்லாம் விலா முன்னால் வந்து மார்பெலும்பில் சேரும். மீன் விலாவின் நுனி வயிற்றுச் சதையில் சும்மா நிற்கும். புத்தகத்தில் ஒரு வரியாக இது எனக்குத் தெரியும். ஆனால் உள்ளே ஆறடி மீனை வைக்கப் போகும்போதுதான் இது எவ்வளவு பெரிய விஷயம் என்று உறைத்தது. பெரியவர் கட்டிய மாதிரி கீழே மூடிய கூட்டில் கில்லிகஸ் நுழையவே இல்லை. விளிம்புப் பிளாச்சை அவிழ்த்ததும் விலாக்கள் ஒவ்வொன்றும் அதன் இஷ்டத்துக்கு விரிந்து இடம் விட்டன. பெரியவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "அப்போ இது பரிசல் இல்ல, பை" என்றார். இதைவிடச் சுருக்கமாக நான் வகுப்பில் சொன்னதில்லை.

விலா நிற்பதற்கு வழி வேண்டுமே. பின்னால் ஒரு மூங்கில் தட்டி வைத்து, ஒவ்வொரு விலாவையும் மெல்லிய கட்டுக்கம்பியால் தட்டியோடு இரண்டு இடத்தில் கட்டினோம். கம்பி வெளியே தெரியாது. மூலப் படிவமும் பாறையில் பக்கவாட்டில் நசுங்கிக் கிடப்பதுதான். ஆகவே முழு உருண்டை தேவையில்லை, பாதிப் புடைப்புப் போதும்.

கில்லிகஸுக்குச் செலவே இல்லை. தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சுகிற பழைய ஹோஸைச் சின்னத் துண்டுகளாக அறுத்து, கம்பியில் கோத்து முதுகெலும்பு. தென்னை ஈர்க்கு விலா. அதாவது ஒரு விளக்குமாறு முழுசாக உள்ளே போயிருக்கிறது. வைக்கும் திசை முக்கியம்: கில்லிகஸின் தலை, பெரிய மீனின் வால் பக்கம் பார்க்க வேண்டும். தலையை முதலில் விழுங்கியிருக்கிறது. மீன் தின்கிற மீன்கள் பெரும்பாலும் அப்படித்தான் விழுங்கும். அப்போதுதான் செதிலும் துடுப்பும் மடங்கிக்கொண்டு தொண்டையில் இறங்கும். விழுங்கப்பட்ட மீன் உள்ளே துள்ளியதில் ஏதாவது முக்கிய உறுப்பு கிழிந்து பெரிய மீன் செத்திருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் ஊகம். வயிற்றில் இரையோடு கிடைத்த சைஃபாக்டினஸ் இது ஒன்று மட்டும் இல்லை. பேராசை என்று நீதிக்கதை சொல்ல எனக்கு விருப்பமில்லை. வேகமாக நீந்தி, அகப்பட்டதை முழுசாக விழுங்குகிற மீனுக்கு இது தொழில் ஆபத்து, அவ்வளவுதான்.

தலைக்கு வருவோம். சைஃபாக்டினஸின் கீழ்த்தாடை முன்னுக்குத் துருத்தி, வாய் மேல்நோக்கித் திறக்கும். படத்தில் பார்த்து வரைவது சுலபம், ஆனால் தாடை எங்கே கீல் போடுகிறது, மேல்தாடை எலும்பு எப்படி நகர்கிறது என்பது தட்டைப் படத்தில் பிடிபடவில்லை. தர்மபுரி மீன் மார்க்கெட்டில் ஐஸ் போட்டு வருகிற கடல்மீனில் முள்ளுவாளை தேடினேன். ஒரு காலத்தில் ஆய்வாளர்கள் சைஃபாக்டினஸை இந்த முள்ளுவாளைக்குச் சொந்தம் என்றே வகைப்படுத்தியிருந்தார்கள். இப்போது அப்படிச் சொல்வதில்லை. சைஃபாக்டினஸும் கில்லிகஸும் அடங்கிய வரிசையே தனி, அது முழுவதும் அழிந்துபோனது. முள்ளுவாளை நெத்திலி, மத்தி பக்கத்துச் சொந்தம். ஆனாலும் முகவெட்டு அப்படியே இருக்கிறது. அதே மேல்நோக்கிய வாய், அதே கோரைப் பற்கள். தலையை வெந்நீரில் கொஞ்சம் வேகவைத்து, பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் சதையை நீக்கினால் எலும்புகள் ஒவ்வொன்றாகப் பிரிந்து வரும். ரொம்ப வேகவைத்தால் எல்லாம் தனித்தனியாகக் கொட்டிவிடும், எது எங்கே என்று தெரியாது. சதை அசைத்ததும் கழன்றால் போதும், எடுத்துவிட வேண்டும். மிச்ச உடம்பைக் குழம்பு வைத்தோம். முள் அதிகம், வீட்டில் யாரும் பாராட்டவில்லை.

மண்டையோட்டுக்கு அட்டையில் எலும்பு எலும்பாக வெட்டி, காகிதக் கூழ் அப்பினோம். பழைய வினாத்தாள்களை ஊறவைத்து இடித்த கூழ், மைதாப் பசை, பூச்சிக்கு மயில்துத்தம் ஒரு சிட்டிகை. மயில்துத்தம் விஷம். அதை நான் மட்டும் கையுறை போட்டுக் கலந்தேன், பிள்ளைகளைத் தொடவிடவில்லை. பல் ஒரே வரிசைதான், ஆனால் அளவு ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாமல் இருக்கும். பெரிய கோரைப் பக்கத்தில் பொடிப் பல், அப்புறம் நடுத்தரம், மறுபடி பெரியது. பெரியவற்றை மூங்கிலில் சீவினோம். சின்னவற்றுக்குக் கருவேல முள். வெள்ளையாக, நேராக, வேண்டிய நீளத்தில் கிடைக்கிறது, சீவ வேண்டிய வேலையும் மிச்சம். ஒவ்வொரு பல்லும் தாடையில் தனிக் குழியில் உட்கார்ந்திருக்கும் என்பதால், கூழ் ஈரமாக இருக்கும்போதே குத்திவைத்துவிட வேண்டும். காய்ந்தபின் ஒட்டினால் மேலே ஒட்டவைத்தது மாதிரியே தெரியும்.

துடுப்பில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை, ஒன்றைத் தவிர. ரோகு, கட்லா போல இதுவும் கதிர்த்துடுப்பு மீன்தான். விசிறிக் குச்சி போல மெல்லிய கதிர்கள் துடுப்பைத் தாங்கும். முதுகுத்துடுப்பு ரொம்பப் பின்னால், கிட்டத்தட்ட வாலுக்குப் பக்கத்தில் இருக்கும். நடு முதுகில் வைத்துவிடாதீர்கள். அந்த ஒன்று என்னவென்றால், செவுளுக்குப் பின்னால் இருக்கிற மார்புத்துடுப்பின் முதல் கதிர். மற்றதெல்லாம் குச்சியாக இருக்க, இது மட்டும் பட்டையாக, கனமாக, கத்தி அலகு மாதிரி நீண்டிருக்கும். 1870-இல் ஜோசப் லெய்டி என்ற அமெரிக்க ஆய்வாளர் இந்தப் பேரினத்துக்குப் பெயர் வைத்தபோது அவர் கையில் இருந்தது இந்தக் கதிரின் துண்டு மட்டுமே. அதன்பின் கொஞ்ச காலத்திலேயே எட்வர்ட் கோப் என்ற இன்னொரு ஆய்வாளர் நல்ல எலும்புகளைப் பார்த்து போர்தியஸ் என்று வேறு பெயர் வைத்தார். இரண்டும் ஒரே மீன் என்று தெரிந்ததும் முதலில் வைத்த பெயரே நின்றது. மொத்த மீனில் நான் அதிக நேரம் உட்கார்ந்து சீவியது அந்த ஒரு மூங்கில் பட்டையைத்தான். பெரியவருக்குப் பிடித்ததும் அதுதான்.

பின்தட்டிக்குப் பாறை வேஷம் போட வேண்டும். புதைபடிவம் எடுக்கிறவர்கள் எலும்பைச் சுற்றிச் சாக்குத் துணியைப் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில் தோய்த்துக் கட்டுவார்கள், வண்டியில் ஏற்றும்போது நொறுங்காமல் இருக்க. இந்த மீனைத் தோண்டி எடுத்த ஜார்ஜின் அப்பா சார்லஸ் ஸ்டெர்ன்பெர்க்கும் இதே தொழில்தான். 1876-இல் கோப்போடு மொன்டானாவில் வேலை செய்தபோது அவர்களிடம் பிளாஸ்டர் இல்லை. சமையலுக்கு வைத்திருந்த அரிசியைக் குழைய வேகவைத்து, அந்தக் கஞ்சியில் துணியைத் தோய்த்து எலும்பில் சுற்றினார்கள். இதைச் சொன்னதும் பிள்ளைகள் விடவில்லை. ஒரு சாக்குத் துண்டு அரிசிக் கஞ்சியில், ஒன்று கேழ்வரகுக் கூழில், ஒன்று பிளாஸ்டரில் என்று மூன்றையும் வெயிலில் காயவைத்தார்கள். அரிசிக் கஞ்சி அட்டை போல விறைத்தது, வளைத்தால்தான் ஒடிந்தது. கேழ்வரகு வெடிப்பு விட்டது, அதுவும் எறும்புக்குத் திருவிழாவாகிவிட்டது. எங்கள் ஜில்லாவில் கேழ்வரகு தோற்ற ஒரே போட்டி இதுவாகத்தான் இருக்கும்.

தட்டிக்குப் பிளாஸ்டரே பூசினோம். பிளாஸ்டர் சீக்கிரம் இறுகிவிடும். ஒரு வாளி முழுக்கக் கலக்காமல் கிண்ணம் கிண்ணமாகக் கலக்கி, தோய்த்த சாக்குத் துண்டை உடனே விரிக்க வேண்டும். தண்ணீரில் பொடியைப் போடுங்கள், பொடியில் தண்ணீரை ஊற்றினால் கட்டி கட்டியாகும். மேல்பூச்சில் மஞ்சள் ஆக்சைடு பவுடர் ஒரு கை சேர்த்ததில் கான்சாஸ் சுண்ணப்பாறையின் வெளிர்மஞ்சள் வந்தது. பள்ளி சாக்பீஸைப் பொடித்துப் போட்டால் நிஜச் சுண்ணப்பாறை ஆகிவிடாதா என்று ஒருத்தி கேட்டாள். நல்ல கேள்வி. ஆனால் இப்போதைய சாக்பீஸ் பெரும்பாலும் ஜிப்சம். அந்தக் கடலடிச் சுண்ணம் கண்ணுக்குத் தெரியாத பாசிகளின் ஓடுகள் படிந்து உண்டானது.

எலும்புக்கு நிறம்: கெட்டியான டீ டிகாஷனில் சிவப்பு ஆக்சைடு கொஞ்சம், ஃபெவிக்கால் கொஞ்சம். வெள்ளை எலும்பாக விடாதீர்கள். புதைபடிவம் பெரும்பாலும் வெள்ளையாக இருக்காது, பழுப்புதான். முதல் பூச்சு காய்ந்தபின் ஈரத்துணியால் புடைத்த இடங்களைத் துடைத்தால் ஓரங்களில் மட்டும் கருமை தங்கும், நிழல் விழுந்த மாதிரி இருக்கும்.

செய்து பார்க்க நினைப்பவர்களுக்கு: முழு அளவு வேண்டாம், பாதி அளவில், இரண்டு மீட்டரில் செய்யுங்கள். ஒரு வகுப்பறை மேசை இரண்டைச் சேர்த்தால் இடம் போதும். அப்போது டீ கப் பெரிதாகிவிடும், அதற்குப் பதில் ஹோஸ் துண்டே பெரிய மீனுக்குச் சரியாக வரும். உள்ளே இருக்கிற மீனுக்கு நூல்கண்டுக் கயிற்றில் முடிச்சுப் போட்டாலே போதும். மூங்கில் கிடைக்காத இடத்தில் தென்னை மட்டையைச் சீவலாம், ஆனால் வளைவு நிற்பதற்கு இரண்டு நாள் கட்டிப்போட வேண்டும். பின்தட்டியைச் சுவரில் மாட்டும்போது ஆணியை நம்பாமல் கீழே செங்கல் வைத்துத் தாங்கல் கொடுங்கள், பிளாஸ்டர் எடை அதிகம். மைதாப் பசை போட்ட தலையை எலி வராத இடத்தில் வையுங்கள். எங்களுடையது இப்போது நூலக அலமாரிக்கு மேலே இருக்கிறது.